ரொம்பன்னுதான் சொன்னேன்

அட்டையைப் படிக்கிறாங்க. படிக்கட்டும், நல்லாப் படிக்கட்டும், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, உதட்டைக் குவிச்சு, அன்னைக்கு வார்டுல கேஸ் ஷீட் படிச்ச அதே தோரணையில படிக்கட்டும். எங்க ரெண்டு பேருக்கும் நடுவில ஒரு மேசை, மேசை மேல கறுப்பா சின்னதா ஒரு ரெக்கார்டர், அதில சிவப்பு விளக்கு இன்னும் எரியல, எரிய வைக்கிற விரல் என்னோடது. ரோஸ்லெட் சிஸ்டர். மாடி வார்டு இன்சார்ஜ் ரோஸ்லெட் சிஸ்டர். மனசுக்குள்ள கூட அவங்க இவங்கன்னு என்ன மரியாதை எனக்கு, யாரு கேக்கப் போறா, அவள்னு சொல்லு விஜிலா, ரோஸ்லெட்டுன்னு சொல்லு, அவ வந்தா, அவ உக்காந்தா. வரல. சவம், நாக்குதான் பழகிப் போச்சுன்னா நெனப்பும் பழகிப் போச்சு. சரி, அவங்கன்னே இருக்கட்டும், மரியாதையோட கழுத்தை நெரிச்சா ஆகாதா என்ன. முடி நரைச்சிருக்கு. முன்னால டை அடிப்பாங்க, காதோரம் கறுப்பு ஒட்டியிருக்கும். இப்போ அடிக்கல. உடுத்தியிருக்கது நல்ல காட்டன் சேலை, கஞ்சி போட்டது, இஸ்திரி மடிப்பு கலையாம பஸ்ஸுல நின்னே வந்திருப்பாங்க போல. என்னைத் தெரியல அவங்களுக்கு. அதுதான் வயிறெரியுது. நான் கண்ணாடி போட்டுட்டேன், முடியை வெட்டிட்டேன், உடம்பு வச்சிருக்கு, சட்டையில குத்தியிருக்க பட்டையில பேரு கிடையாது, நம்பர்தான். இருந்தாலும் ஒரு மனுசியோட வாழ்க்கையைப் பிடிச்சு சாக்கடையில தள்ளினவங்களுக்கு அந்த மூஞ்சி மறந்து போகுமா?

தெரிஞ்சவங்க பரீட்சைக்கு வந்தா உடனே கீழ போய் மேனேஜர்ட்ட சொல்லிடணும், வேற ஆளை மாத்துவாங்க, அது விதி. நான் சொல்லல. காலையில வராந்தா பெஞ்சில இவங்க உக்காந்திருக்கதைப் பாத்ததும் என் காலு ரெண்டும் தானா நின்னுது, அப்புறம் தானா நடந்துது, நேரா இந்த அறைக்குள்ள வந்து ஏசியைக் கூட்டி வச்சுட்டு உக்காந்துட்டேன். வெளிநாட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போறவங்க எல்லாரும் எழுதுற இங்கிலீஷ் பரீட்சை இது, அதில கடைசிப் பகுதி பேச்சு. பேச்சுன்னா சும்மா பேச்சில்ல, நாடகம். பரீட்சைக்கு வந்தவங்க நர்ஸு, எதிரில உக்காந்திருக்க நான் நோயாளி. ஆளுக்கொரு அட்டை. மார்க் போடுறது நான் இல்ல, எங்கயோ இருக்க வெள்ளைக்காரன் ரெக்கார்டரைக் கேட்டு மார்க் போடுவான், அவனுக்கு முகம் தெரியாது, நரை தெரியாது, கஞ்சி போட்ட சேலை தெரியாது, குரல் மட்டும்தான். நாகர்கோவில்ல இந்த மாடிக்கு ஏறி வராத நர்ஸு இல்ல. எல்லாருக்கும் நான் நோயாளியா இருந்திருக்கேன். சர்க்கரை, நெஞ்சு வலி, பேறுகாலம், கால் முறிவு, எல்லா நோவும் எனக்கு வந்து போயாச்சு. இன்னைக்கு மேசையில ரெண்டு அட்டை இருந்துது. முறைப்படி மேல இருக்கதைத்தான் எடுக்கணும், அது சர்க்கரை நோய்க்காரி சாப்பாட்டுப் பத்தியம். நான் அடியில இருந்ததை எடுத்தேன். சின்ன வயசுப் பொண்ணு, வயித்து வலி, அட்மிட் ஆக மாட்டேன் வீட்டுக்குப் போறேன்னு அடம் பிடிக்கிறா, நர்ஸு விசாரிச்சு, தேத்தி, நிறுத்தணும். வயித்து வலி, ரோஸ்லெட் சிஸ்டர். இந்த அட்டையை உங்களுக்குன்னு யாரோ அச்சடிச்ச மாதிரி இருக்கு.

நோயாளிக்கு ஒரு விதி உண்டு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். என் அட்டையில எல்லாம் எழுதியிருக்கும், வலி எங்க, எப்போ ஆரம்பிச்சுது, எவ்வளவு, வாந்தி உண்டா. ஆனா நானா எடுத்துச் சொல்லக் கூடாது, நர்ஸு கேட்டு வாங்கணும். மத்த பிள்ளைகளுக்கு நான் கொஞ்சம் விட்டுக் கொடுப்பேன், பாவம், வெளியூர்லேருந்து குழந்தையைத் தூக்கிட்டு வந்திருக்கும், முழிச்சுதுன்னா நானே ஒரு பெருமூச்சு விட்டு, கூட ரெண்டு வார்த்தை சேத்துச் சொல்லி வழி காட்டுவேன். இவங்களுக்கு அது கிடையாது. எதுவும் கிடையாது. கேளுங்க, கேட்டதுக்குப் பதில் வரும். கேக்காததுக்கு வராது. நீங்க சொல்லிக் கொடுத்ததுதான சிஸ்டர், நான் உங்க கீழ நர்ஸா இருந்தப்போ, ஆஸ்பத்திரி விசாரணை அறைக்கு வெளிய, என் தோள்ல கையைப் போட்டு, சொந்த அக்கா மாதிரி குரலைத் தாழ்த்தி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு பிள்ளே, மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்னு. பாத்துக்கிட்டீங்க. நல்லாப் பாத்துக்கிட்டீங்க. இப்போ அட்டையைத் திருப்பிப் பாக்கிறாங்க, பின்பக்கம் ஒண்ணும் இல்ல சிஸ்டர், எல்லாம் முன்பக்கம்தான். வயசு ஆச்சு. இந்த வயசில எதுக்கு இந்த ஓட்டம்னு ஊருக்கே தெரியும், ஆஸ்பத்திரியை வேற ஆளுங்க வாங்கினதும் பழைய சிஸ்டர்மாரை எல்லாம் மாலை போட்டு, போட்டோ எடுத்து, வெளிய அனுப்பிட்டாங்க. அயர்லாந்துல ஒரு முதியோர் இல்லத்தில இடம் சொல்லி வச்சிருக்காங்களாம், இந்தத் தடவை பாஸானா உண்டு, இல்லேன்னா வயசு தாண்டிடும். கேட்டப்போ எனக்கு எவ்வளவு சந்தோசமா இருந்துது தெரியுமா. என்னை அனுப்பினப்போ மாலை கூட கிடையாது.

நேரம் ஆச்சு. ரெடியா மேடம்னு இங்கிலீஷ்ல கேக்கிறேன், தலையை ஆட்டுறாங்க, தலையாட்டினா ரெக்கார்டருக்குக் கேக்காது, கேக்காம போகட்டும். விரலை வைக்கிறேன். சிவப்பு. குட் மார்னிங், ஐ ஆம் தி நர்ஸ் இன்சார்ஜ். குரலைப் பாரு. அதே குரல். மாடி வார்டு வராந்தா முழுக்க மணி அடிச்ச மாதிரி போகும், நாங்க பிள்ளைங்க எல்லாம் கையில உள்ளதைக் கீழ வச்சுட்டு நிப்போம். மே ஐ நோ யுவர் நேம், ப்ளீஸ்? நோயாளி பேரு அட்டையில கிடையாது, நாமளே வாய்க்கு வந்த ஒரு பேரைச் சொல்லலாம், நான் எப்பவும் ராணின்னு சொல்லுவேன். ஆன்ஸின்னு சொன்னேன். பேனா நின்னுது. நின்ன பேனாவை நான் பாத்தேன், கண்ணைப் பாக்கத் தைரியம் வரல. அப்புறம் எழுதினாங்க, ஆன்ஸி, நாலஞ்சு எழுத்துதான், மெதுவா எழுதினாங்க. எத்தனை ஆன்ஸி இருக்கு இந்த மாவட்டத்தில, தெருவுக்கொரு ஆன்ஸி, அது ஒண்ணும் பெரிய விசயமில்லேன்னு நெனச்சிருப்பாங்க. நெனச்சுக்கோங்க. கடற்கரைப் பக்கத்து ஆன்ஸி ஒண்ணுதான். பத்தாங்கிளாஸ் பரீட்சை எழுதிட்டு லீவுல இருந்த பிள்ளை, கழுத்தில கறுப்புக் கயிறுல சிலுவை, பெட்டுல சுருண்டு படுத்துகிட்டு அக்கா அக்கான்னு என் உடுப்பைப் பிடிச்சுகிட்டே கிடந்த ஆன்ஸி.

டு யூ ஹாவ் எனி பெயின், ஆன்ஸி? எனியாம். கேள்வி வந்தா எனி போடணும்னு நல்லாப் படிச்சு வந்திருக்காங்க. இந்தச் சின்னச் சின்ன அளவுச் சொல்லுங்களைப் படிக்கத்தான் நான் எவ்வளவு பாடுபட்டேன். நமக்கு என்ன, வலி இருக்குன்னு சொன்னா முடிஞ்சுது, மேல போனா ஒரே ஒரு கொஞ்சம், கொஞ்சம் தண்ணி குடுங்க, கொஞ்சம் நகந்து உக்காருங்க, கொஞ்சம் நில்லுங்க, அந்த ஒரு சொல்லை வச்சே ஊர் முழுக்கச் சுத்தி வந்துடலாம். வெள்ளைக்காரனுக்கு அப்படி இல்ல. தண்ணிக்கு ஒண்ணு, மாத்திரைக்கு ஒண்ணு, கேக்கும்போது ஒண்ணு, கொடுக்கும்போது ஒண்ணு, சில இடத்தில ஒண்ணுமே போடாம மொட்டையா விட்டுடணும். பால் எனக்குப் பிடிக்காதுன்னா வெறும் மில்க், பால் கொஞ்சம் தாங்கன்னா ஸம் மில்க். வேலை போய் வீட்டில கிடந்த நாள்ல அடுக்களையில நின்னு உரக்கச் சொல்லுவேன், ஸம் ரைஸ், எ லிட்டில் சால்ட், எ ஃபியூ ஆனியன்ஸ், அம்மா பயந்துபோய் பிள்ளைக்குப் பித்துப் பிடிச்சுட்டுதுன்னு பங்குச் சாமியாரைக் கூட்டிட்டு வந்தா. பித்துதான். ஒருத்தரைப் பாத்துப் பேசறதுக்காக ஒரு பாஷையை முழுசாப் படிக்கிறது பித்து இல்லாம என்ன. உப்புல, வெங்காயத்தில எல்லாம் ரோஸ்லெட் சிஸ்டர் மூஞ்சியைத்தான் பாத்தேன். ஒரு நாள் இங்கிலீஷ்ல, தப்பில்லாம, ஒரு சொல்லு கூடாம குறையாம, அந்த மூஞ்சியைப் பாத்து சொல்லணும். அந்த நாள் இதாக்கும்.

ஐ ஹாவ் பெயின்னு சொன்னேன். அவ்வளவுதான். கொஞ்சமா, நிறையவா, பல்லைக் கடிக்கிற அளவா, எதையும் முன்னால போடல, மொட்டையா வச்சேன் மேசை மேல. வேணும்னா கேட்டு எடுத்துக்கோங்க. இப்போ நல்ல நர்ஸா இருந்தா என்ன கேக்கணும், எவ்வளவு வலின்னு கேக்கணும், எங்கன்னு கேக்கணும், அது பரீட்சைக்காக இல்ல, வார்டுல நின்ன எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அவங்க தலையை ஆட்டினாங்க, பேனாவால அட்டையில எதையோ தொட்டாங்க, ஓகே ஆன்ஸி, ஸோ யூ ஹாவ் ஸம் பெயின். ஸம் பெயின். திரும்பவும் அதே ரெண்டு வார்த்தை, அதே வாய், அதே குரல். எனக்குக் காது ரெண்டும் அடைச்சுப் போச்சு. விசாரணை அறையில ஏசி இப்படித்தான் ஓடிச்சு, சுத்தி உக்காந்திருந்தவங்க எல்லாரும் வெளியூரு, அதனால இங்கிலீஷ்லதான் பேச்சு, ஆஸ்பத்திரியோட பெரியவர் ஒருத்தர் மேசையில விரலால தட்டிகிட்டே கேட்டாரு, ரோஸ்லெட் சிஸ்டர் எந்திரிச்சு நின்னு தண்ணி ஓடுற மாதிரி பதில் சொன்னாங்க. ஷி டோல்டு மி ஸம் பெயின், சார். அவ என்கிட்ட கொஞ்சம் வலின்னுதான் சொன்னா. எனக்கு அப்போ இங்கிலீஷ் அவ்வளவா புரியாது, ஆனா அந்த ஸம் புரிஞ்சுது. அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டு, ஸம் நர்ஸஸ் ஆர் லைக் தட், சார். நர்ஸுமாரு எல்லாரும்னு சொல்லல பாருங்க, எல்லாரும்னா அவங்களும் அதில வந்துடுவாங்க. சில நர்ஸுமாரு. பேரு சொல்லாம விரல் நீட்டாம, அந்த அறையில இருந்த எல்லாரும் என்னைத் திரும்பிப் பாக்கிற மாதிரி ஒரு ஸம். நீ என்ன சொல்றேன்னு என்னை யாரும் கேக்கல. கேட்டாத்தான பதில் சொல்லணும். நான் சொல்லல. எனக்கு வந்ததெல்லாம் நோ சார், நோ சார், அது எதுக்கு நோன்னு அவங்களுக்கும் தெரியல எனக்கும் சொல்லத் தெரியல.

கொஞ்சம்னா சொன்னேன்? நான் ரொம்பன்னுதான் சொன்னேன். சாமி சத்தியமா ரொம்பன்னுதான் சொன்னேன். ஆஸ்பத்திரி ஆண்டு விழா, மத்தியானம், கீழ ஹால்ல மேடை போட்டு, டாக்டருமாரு எல்லாம் முன்வரிசையில, ரோஸ்லெட் சிஸ்டர் பாட்டுக் கூட்டத்தோட நீலக் கரைச் சேலையில மேடைக்குப் பக்கத்தில நின்னுகிட்டிருக்காங்க. எங்க ஆஸ்பத்திரியில ஒரு வழக்கம், என்ன ஆனாலும் ஜூனியர் நர்ஸு நேரா டாக்டர்ட்ட போகக் கூடாது, இன்சார்ஜ்ட்ட சொல்லணும், இன்சார்ஜ்தான் டாக்டர்ட்ட சொல்லுவாங்க. மீறிப் போன ஒரு பிள்ளையை ஒரு வாரம் ஸ்டோர் ரூம்ல பஞ்சு உருட்ட வச்சது எனக்கு மறக்கல. நான் மாடியில இருந்து இறங்கி ஓடினேன். சிஸ்டர், அந்தப் பிள்ளைக்கு வயிறு ரொம்ப வலிக்குது, தொட விட மாட்டேங்குது, வயிறு கல்லு மாதிரி இருக்குது. வயித்து வலிக்கு யாரும் சாகறதில்ல பிள்ளே, இன்னும் ஒரு பாட்டுதான், வரேன் போன்னாங்க. மேல போனேன், நாடி ஓடுது ஓடுது, எண்ண முடியல, திரும்ப இறங்கினேன், திரும்பச் சொன்னேன், பாட்டு ஆரம்பிச்சுட்டுது, கையை அசைச்சாங்க, போ போன்னு, வாய் பாடிகிட்டே. முன்வரிசை எனக்கு எவ்வளவு பக்கம், நாலு எட்டு வச்சா டாக்டரு. வைக்கல, வைக்க விடாம வளத்தது யாரு. திரும்பவும் மேல, திரும்பவும் கீழ, கைதட்டல் நடுவில சொன்னேன், அப்போதான் வந்தாங்க, வரும்போது ஆன்ஸிக்கு வயித்து வலி நின்னு போச்சு. நின்னா நல்லதுன்னு அவ அம்மா நெனச்சா. குடல்வால் வெடிச்சா வலி சட்டுன்னு நிக்கும்னு எனக்கும் ரோஸ்லெட் சிஸ்டருக்கும் தெரியும். மறுநா விடிய அவ இல்ல.

ஆன்ஸி அம்மா லூர்து அக்கா வடசேரி சந்தையில மீன் விக்கிறா. எங்க வீட்டுக்கு மீன் வாங்கணும்னா அந்த வழிதான், நான் வர்றதைப் பாத்தா பெட்டி மேல ஓலையைப் போட்டு மூடிடுவா. கையை அந்த ஓலை மேல வச்சுகிட்டு என்னையே பாப்பா, நான் தாண்டிப் போற வரைக்கும். ஒரு நாள் தைரியமா நின்னு கேட்டேன், அக்கா சாளை என்ன விலைன்னு. உனக்கு என் கையால மீன் கிடையாதுன்னு சொன்னா, கத்தல, திட்டல, அவ்வளவுதான். பக்கத்தில இருந்த எல்லா மீன்காரியும் அதிலேருந்து மூட ஆரம்பிச்சாங்க. கடலோரத்து ஊர்ல மீன் இல்லாம குழம்பு வைக்கிறவ நான் ஒருத்திதான். நான் எவ்வளவு தடவை யார் யாரையோ அனுப்பி சொல்லிப் பாத்துட்டேன், நான் சொன்னேன் அக்கா, ரொம்பன்னுதான் சொன்னேன்னு. கொலைகாரி சொல்றதை யாரு நம்புவா. ரோஸ்லெட் சிஸ்டர் வாயிலேருந்து வரணும் அது. வேற எதுவும் எனக்கு வேண்டாம், வேலை வேண்டாம், அயர்லாந்து வேண்டாம், அந்த வாயிலேருந்து அந்த ஒரு வார்த்தை வரணும், இல்லேன்னா அந்த வாய் என்னைக்கும் மூடிக் கிடக்கணும்.

நான் வயித்தைப் பிடிச்சுகிட்டேன். நடிச்சேனா, நிஜமா வலிச்சுதா, தெரியல, குனிஞ்சேன், நெத்தி மேசையில இடிக்கிற மாதிரி. அப்போ ரோஸ்லெட் சிஸ்டர் ஒரு காரியம் செஞ்சாங்க. பரீட்சைக்கு வந்த வேற யாரும் செய்யாத முட்டாத்தனம், வருசக்கணக்கா வார்டுல நின்ன ஒருத்தியால மட்டும் செய்ய முடிஞ்ச முட்டாத்தனம். எந்திரிச்சு வந்து என் கையைப் பிடிச்சாங்க. ரெண்டு விரலை மணிக்கட்டில வச்சு, தலையை நிமித்தி, சுவர்க் கடிகாரத்தைப் பாத்துகிட்டு, நாடி எண்ண ஆரம்பிச்சாங்க. ரெக்கார்டர் ஓடிகிட்டிருக்கு. நாடி எண்ணும்போது நர்ஸு பேச மாட்டா, பேசினா எண்ணிக்கை போயிடும். வெள்ளைக்காரனுக்கு என்ன கேக்கும், ஒண்ணும் கேக்காது, ஏசி சத்தம் கேக்கும், ஒரு நர்ஸு நோயாளியைப் போட்டுட்டு வாயடைச்சுப் போயிட்டான்னு எழுதுவான், கழிப்பான், இன்னும் கழிப்பான். நான் ஒரு வார்த்தை சொன்னா போதும், சிஸ்டர் நாடியா பாக்கிறீங்கன்னு, அவனுக்கு விளங்கிடும், அவங்களுக்கும் நெனவு வந்துடும். சொல்லல. மிஷின் ஓடட்டும். ஓடு ராசா ஓடு. அன்னைக்கு இந்த ரெண்டு விரல் எங்க போச்சு, பாட்டுப் புத்தகத்தைப் பிடிச்சுகிட்டிருந்த விரல்தான இது. ஆனா விரல் சூடா இருந்துது. நல்லா, அழுத்தாம, நாடி விலகாம பிடிச்சாங்க. எனக்கு அப்படிப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே இவங்கதான். அதை நெனச்சு எனக்கு இன்னும் ஆத்திரம் வந்துது.

கையை விடாமலே பேசினாங்க. உன் நாடி ரொம்ப வேகமா ஓடுதுன்னு இங்கிலீஷ்ல சொன்னாங்க. அப்புறம், இஸ் தேர் எனிதிங் யூ வான்ட் டு டெல் மி? எதாவது சொல்லணுமா என்கிட்ட. இது எல்லா கோச்சிங் கிளாஸ்லயும் மனப்பாடம் பண்ண வைக்கிற கேள்வி, நாடகம் முடியறதுக்கு முன்னால கேட்டா மார்க் உண்டு, எத்தனையோ பேர் என்கிட்ட கேட்டாச்சு. என் அட்டையில இதுக்குப் பதில் எழுதியிருக்கு, நத்திங், தேங்க் யூ. ஆனா அந்த விசாரணை அறையில யாரும் கேக்காத கேள்வி இது. கேட்டுட்டாங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லணும்ல.

சொன்னேன். ரெக்கார்டரைப் பாத்து இல்ல, அவங்களைப் பாத்து. இங்கிலீஷ்ல, நிதானமா, உப்புக்கும் வெங்காயத்துக்கும் நடுவில நின்னு படிச்ச ஒவ்வொரு சொல்லையும் அதது இடத்தில வச்சு சொன்னேன். ஒரு ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு வயித்து வலியோட கிடந்தா, கொஞ்சம் வலி இல்ல, நிறைய வலி. ஒரு நர்ஸு போய்ச் சொன்னா, திரும்பத் திரும்பச் சொன்னா. கொஞ்சம் நேரம் இருந்துது, அதிகம் இல்ல, காப்பாத்தப் போதுமான நேரம் இருந்துது. இன்சார்ஜ் பாடிகிட்டிருந்தாங்க. அப்புறம் பெரியவங்க முன்னால அந்த நிறையவைக் கொஞ்சமா ஆக்கினாங்க. சில நர்ஸுமாரு இல்ல சிஸ்டர், ஒரு நர்ஸு. ஒண்ணே ஒண்ணு. ஒரு இடத்திலயும் தடுக்கல, ஒரு சொல்லு கூடல, ஒரு சொல்லு குறையல. சொல்லிகிட்டே அவங்க மூஞ்சியைப் பாத்தேன், வெளுத்துது, கண்ணு என் கண்ணாடியைத் தாண்டி உள்ள வந்துது, விரல் மணிக்கட்டை விட்டுது. வந்துட்டு, நெனவு வந்துட்டு. நல்லா எரியட்டும். இதுக்குத்தான் சிஸ்டர் பித்துப் பிடிச்சேன்.

அவங்க உதடு பிரிஞ்சுது. ஐ ஆம்னு ஆரம்பிச்சாங்க. அந்த நொடியில எனக்கு விளங்கிப் போச்சு, எளவு, என்ன வரப் போகுதுன்னு. ஐ ஆம் ஸோ சாரி டு ஹியர் தட். கோச்சிங் கிளாஸ்ல முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறது, நோயாளி துக்கம் சொன்னா உடனே சாரி சொல்லு, அனுதாபத்துக்குத் தனி மார்க். நான் என் வாழ்க்கையை அறுத்து மேசையில வச்சா இவங்க அதில மார்க் வாங்கிட்டு அயர்லாந்து போவாங்க. வெள்ளைக்காரன் கேட்டுட்டு ஆகா என்ன அன்பான நர்ஸுன்னு அள்ளிப் போடுவான். ஆன்ஸி செத்ததில ஒரு மார்க், லூர்து அக்கா மூடின பெட்டியில ஒரு மார்க். விட மாட்டேன். அந்த சாரி மிஷினுக்குப் போகக் கூடாது. விரல் பாய்ஞ்சுது, அமத்தினேன், சிவப்பு அணைஞ்சுது.

"இப்போ சொல்லுங்க சிஸ்டர்."

தமிழ்லதான் சொன்னேன். அவங்க அணைஞ்ச விளக்கைப் பாத்தாங்க. நாற்காலியில போய் உக்காந்தாங்க, கண்ணாடியைக் கழத்தினாங்க, முந்தானையால துடைச்சாங்க, போடல. மார்க் போயிடுமா, ஏன் அணைச்சேன்னு கேப்பாங்கன்னு காத்திருந்தேன், கேட்டா மூஞ்சியில துப்பிட்டு எந்திரிச்சுப் போகலாம்னு எச்சிலைக் கூட்டி வச்சிருந்தேன். கேக்கல.

"உள்ள வரும்போதே தெரியும், நீதான்னு" அப்படின்னாங்க. குரல்ல அந்த மணி இல்ல. "நீ கொஞ்சம்னு சொல்லல பிள்ளே. ரொம்பன்னுதான் சொன்னே. கல்லு மாதிரின்னு சொன்னே. நான்தான் வரல. அங்க மாத்திச் சொன்னதும் நான்தான்."

எத்தனை வருசமா இந்த வார்த்தைக்காகக் காத்துக் கிடந்தேன். வந்துட்டுது, ஒண்ணும் குறையாம, ரொம்பங்கிற சொல்லோட, அந்த வாயிலேருந்தே வந்துட்டுது. அழுகை வரும்னு நெனச்சேன், வரல. லூர்து அக்கா மூஞ்சி வந்துது, ஓலையை எடுத்து அந்தப் பக்கம் வைக்கிற கை வந்துது, சந்தை நடுவில ரெக்கார்டரை வச்சு கேளுங்க அக்கா, நல்லாக் கேளுங்க, அவங்க வாயாலயே கேளுங்கன்னு நான் சொல்றது வந்துது. அப்புறம் கண்ணு ரெக்கார்டருக்குப் போச்சு. கறுப்பா, செத்த பூச்சி மாதிரி கிடக்குது. அணைச்சது நான். என் விரல். வேற யாரும் இல்ல, என் விரல்தான், அவசரப்பட்டு, ஆத்திரத்தில, அவங்க மார்க் வாங்கிடக் கூடாதுன்னு. இந்த அறையில நாங்க ரெண்டு பேர், ஏசி, கடிகாரம். நாளைக்கு நான் போய் ரோஸ்லெட் சிஸ்டர் ஒத்துகிட்டாங்கன்னு சொன்னா சந்தையே சிரிக்கும். விரலை வச்சேன். அமத்தினேன். சிவப்பு எரிஞ்சுது.

"இப்போ சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க சிஸ்டர்" அப்படின்னேன். கெஞ்சினேன். ஆமா, அவங்ககிட்ட கெஞ்சினேன், நான், விஜிலா, இவ்வளவுக்கும் அப்புறம்.

அவங்க விளக்கைப் பாத்தாங்க. கண்ணாடியை எடுத்துப் போட்டாங்க, சேலை மடிப்பை நேரா இழுத்து விட்டாங்க, நிமிந்து உக்காந்தாங்க. குரல்ல மணி திரும்ப வந்துது, பரீட்சையை முதல்லேருந்து ஆரம்பிச்சாங்க.

"குட் மார்னிங். ஐ ஆம் தி நர்ஸ் இன்சார்ஜ். மே ஐ நோ யுவர் நேம், ப்ளீஸ்?"

பேனாவைத் திறந்து பிடிச்சுகிட்டு, எழுதறதுக்காக, என் மூஞ்சியைப் பாத்துகிட்டே இருந்தாங்க.